கள்ளனின் கையாள்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)



'கள்ளன் போலீஸ்' விளையாடாதவர் நம்மில் எவரும் இரார். கள்ளனாக இருக்கப் போட்டி. போலீஸாக இருக்க அதைவிடப் பெரிய போட்டி. ஆனால் கள்ளனுக்குக் கையாளாக, அவன் மூட்டையைச் சுமந்து, அவன் ஏச்சையும் வாங்கிக்கொண்டு பின்னால் ஓடும் எடுபிடியாக இருக்க யாரேனும் முன்வந்ததுண்டா? அத்தகைய எடுபிடிகளாகவே நம்மைப் பாவித்துக்கொண்டு, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றி இங்கு விளக்க விழைகிறேன். நடக்கும் இடமோ விந்தைப் பிராணிகளைப் பிடித்து வளர்க்கும் போக்கிமான் உலகம்! இதைப் புரிந்துகொள்ள முதலில் இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, வேடமேற்று ஆடும் மேசை விளையாட்டு என்பது யாது? 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். முதலில் அச்சிட்டவை 1000 பெட்டிகளே. இதில் பரமபதம் போல் பலகை கட்டாயமில்லை, காயும் கட்டாயமில்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகித் "நான் இன்னது செய்கிறேன்" என்று வாயால் சொல்வர். முடிவு ஐயமாக இருக்கும்போது பகடை உருட்டுவர். அவ்வளவே! கதையை நடத்துபவரை நாங்கள் 'நடத்துநர்' என்று அழைக்கிறோம். (டிக்கெட் கேட்க மாட்டார், பயப்பட வேண்டாம்.)

அந்த விளையாட்டில் திருடன் என்ற பாத்திரம் தொடக்கத்தில் இல்லை. மறு ஆண்டு 1975-இல் வந்த துணை நூலில்தான் அது நுழைந்தது. பின்னர் திருடர்களை மட்டுமே வைத்து விளையாட்டுகள் தோன்றின. அவற்றுள் ஜான் ஹார்பர் என்பவர் எழுதி 2017-இல் வெளிவந்த 'பிளேட்ஸ் இன் த டார்க்' புகழ்பெற்றது. டஸ்க்வால் என்னும் இருண்ட, ஆவிகள் உலவும் நகரில் ஏதுமற்ற ஒரு சிறு கும்பல் பிழைக்க முயல்வதே அதன் கதை. தம் விதிகளைப் பிறர் எடுத்து வேறு உலகங்களுக்குப் பொருத்திக்கொள்ள ஹார்பர் தாராளமாக இசைவு அளித்துள்ளார். அதனால்தான் போக்கிமான் உலகிலும் அவற்றை ஆட முடிகிறது.

இரண்டாவது செய்தி போக்கிமான். தம்பிமார்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. பெற்றோருக்காகவும் சிஸ்டர்மாருக்காகவும் சொல்கிறேன். ஜப்பானில் சதோஷி தாஜிரி என்பவர் சிறுவனாக இருந்தபோது டோக்கியோவை அடுத்த மச்சிதாவில் வயலிலும் குட்டையிலும் பூச்சி பிடித்துச் சேர்ப்பாராம். ஊர் வளர்ந்து வயல்கள் மறைந்தன. அந்தப் பூச்சி வேட்டையின் இன்பத்தை மீண்டும் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்ற ஆசையில் அவரும் அவருடைய தோழர்களும் ஆக்கிய கையடக்க மின்னணு விளையாட்டு 1996 பிப்ரவரி 27-இல் வெளிவந்தது. அதில் 151 விந்தைப் பிராணிகள். சிறு பந்துக்குள் அவற்றை அடைத்து, பழக்கி, ஒன்றோடொன்று மோதவிட்டு, கான்டோ என்ற நாட்டைச் சுற்றி வரவேண்டும்.

அந்த நாட்டில் ஒரு திருட்டுக் கூட்டம் உண்டு. அதன் பெயர் டீம் ராக்கெட். தலைவன் ஜியோவானி. ஊர் அறிய அவன் விரிடியன் நகரத்துப் பயிற்சிக்கூடத்தின் பெரிய மனிதன். ஊர் அறியாமல் கொள்ளைக்கூட்டத் தலைவன். செலடான் நகரில் ஒரு சூதாட்டக் கூடம் இருக்கிறது. அங்கே சுவரில் ஒட்டிய ஒரு படத்தின் பின்னால் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் நிலவறைக்குப் படி தெரியும். அந்தப் படத்தின் முன் ஒருவன் காவல் நிற்கிறான். கறுப்பு உடை, மார்பில் 'ஆர்' என்ற எழுத்து. அவனுக்குப் பெயர் கிடையாது! அக்கூட்டத்தின் எடுபிடிகள் எவருக்கும் அந்த விளையாட்டில் பெயர் இல்லை. கதாநாயகச் சிறுவன் வருவான், ஒரு சண்டை போடுவான், தோற்ற எடுபிடி ஓரமாக ஒதுங்குவான். அவனுக்கு வீடு உண்டா, அவன் ஏன் இந்த வேலைக்கு வந்தான் என்று எவரும் கேட்பதில்லை.

1997-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர்தான் இதை முதலில் கேட்டது. அதில் ஜெஸ்ஸி, ஜேம்ஸ் என்ற இரு எடுபிடிகளும், மியாவ்த் என்ற பேசும் பூனையும் வாரந்தோறும் திருட வந்து வாரந்தோறும் தோற்றுப் போவர். ஜெஸ்ஸி வறுமையில் பனியை உணவாக உண்டு வளர்ந்தவள். ஜேம்ஸ் பணக்கார வீட்டை விட்டு ஓடி வந்தவன். மியாவ்தோ ஒரு பெண் பூனையின் மனத்தைக் கவர வேண்டி அரும்பாடுபட்டு மனிதப் பேச்சைக் கற்றது. அதற்காகவே அந்தப் பூனை அதை வெறுத்தது! ஜப்பானிய மூலத்தில் இவ்விருவரின் பெயர்கள் முசாஷி, கோஜிரோ. அவை பழங்காலத்தில் ஒருவரோடொருவர் பொருதிய இரு பெரும் வாள்வீரர்களின் பெயர்கள். எடுபிடிகளுக்கு வாள்வீரர் பெயரைச் சூட்டியவரின் குறும்பை என்னென்பது!

அத்தொடரின் தொடக்கக் காலத்துக் கதை ஒன்றில், எசமானர்களைப் பிரிந்து காட்டில் திரியும்போது ஜெஸ்ஸியின் பாம்பும் ஜேம்ஸின் புகையுருண்டையும் பிற பிராணிகளோடு நட்பாகப் பழகுகின்றன. தாங்கள் கெட்டவை அல்ல என்றும், எசமானர் கெட்டது செய்யச் சொல்வதால் செய்கிறோம் என்றும் அவை தெரிவிக்கின்றன. இந்த ஒரு கருத்துக்காகவே நான் இக்கட்டுரையை எழுத எடுத்துக்கொண்டேன் எனலாம். பந்துக்குள் அடைபட்ட பிராணி எசமானுக்குக் கீழ்ப்படிகிறது. அந்த எசமானோ தானும் ஓர் எடுபிடி, தலைவனுக்குக் கீழ்ப்படிகிறான். அப்படியானால் இவனும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பந்துக்குள் இருக்கிறானா? பிராணியால் "மாட்டேன்" என்று சொல்ல முடியாமல் போகலாம். இவனால் முடியுமா? மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும்போது இந்தக் கேள்வி நம்மையே நோக்கித் திரும்புகிறது.

இனி ஆடும் முறைக்கு வருவோம். பெங்களூரில் படிக்கும் என் பெரியப்பா மகன் விடுமுறைக்கு வந்தபோது கற்றுத் தந்ததை அப்படியே கூறுகிறேன்.

முதல் வேலை பெயர் வைப்பது. பெயரில்லாத எடுபிடிக்குப் பெயர் வைத்தவுடனேயே பாதி விளையாட்டு தொடங்கிவிடுகிறது. என் தங்கை தன் எடுபிடிக்கு மண்டோதரி என்று பெயர் வைத்தாள். ஜப்பானியச் சாயல் கொண்ட கான்டோவில் மண்டோதரி ஏது என்று அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு திறமை: ஒருவர் வண்டி ஓட்டுவார், ஒருவர் பூட்டுத் திறப்பார், ஒருவர் காவல் பார்ப்பார். ஆளுக்கொரு சிறிய, பெருமையற்ற பிராணி. தீ கக்கும் பெரிய பறவைநாகம் கேட்டால் கிடைக்காது. எலியோ வௌவாலோதான் கிடைக்கும்.

அடுத்துப் பகடை. நம் வீட்டிலிருக்கும் ஆறு முகப் பகடையே போதும். திறமைக்கேற்ப ஒன்றோ இரண்டோ மூன்றோ உருட்டி, அவற்றுள் உயர்ந்த எண்ணை மட்டும் பார்க்க வேண்டும். 6 விழுந்தால் நினைத்தது முழுமையாக நடக்கும். 4 அல்லது 5 விழுந்தால் நடக்கும், ஆனால் கூடவே ஒரு கேடும் வரும். 3-உம் அதற்குக் கீழும் விழுந்தால் கேடுதான். நம் கணக்குப் பாடத்தில் வரும் நிகழ்தகவை இங்கே பொருத்திப் பார்த்தேன். இரண்டு பகடை உருட்டினால் 36 வகையில் விழலாம். அவற்றுள் 9 வகை தோல்வி. 11 வகை முழு வெற்றி. எஞ்சிய 16 வகையும் 'வெற்றி, ஆனால் கேட்டோடு' என்பதே! மிகுதியாக விழுவது அதுதான். எடுபிடியின் வாழ்க்கை இப்படித்தான் இருக்கும் என்று அந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

கேடுகளைக் கணக்கு வைக்க நடத்துநர் தாளில் ஒரு வட்டம் வரைந்து அதை 4 அல்லது 6 அல்லது 8 துண்டாகப் பிரிப்பார். இதற்குக் 'கடிகாரம்' என்று பெயர். 'காவல்காரர் விழித்துக்கொள்கிறார்' என்று மேலே எழுதி, ஒவ்வொரு கேட்டுக்கும் துண்டு துண்டாகக் கறுப்படிப்பார். வட்டம் நிறைந்தால் காவல்காரர் விழித்துவிட்டார்! நிறையாத கடைசித் துண்டைப் பார்த்துக்கொண்டு பகடையைக் கையில் எடுக்கும்போது உள்ளங்கை வியர்ப்பது பொய்யன்று.

நடத்துநர் கூறும் கேட்டை ஏற்க மாட்டேன் என்று மறுக்கவும் வழியுண்டு. அதற்கு மறுபடி பகடை உருட்டி, விழுந்த உயர்ந்த எண்ணை 6-இலிருந்து கழிக்க வேண்டும். மீதி எத்தனையோ அத்தனை கட்டம் மனப்பாரம் ஏறும். ஒவ்வொருவருக்கும் 9 கட்டங்கள். அவை நிறைந்தால் மனக்காயம் ஒன்று நிலையாக ஒட்டிக்கொள்ளும். அப்போதைய காரியத்திலிருந்தும் விலக வேண்டும். நான்கு மனக்காயம் பட்டவர் அந்தத் தொழிலுக்கே ஆகமாட்டார். இன்னொரு வசதி, முன்நினைவு: "நேற்றே நான் இங்கு வந்து இந்த நாய்க்கு எலும்பு போட்டுப் பழக்கிவிட்டேன்" என்று நடுவில் சொல்லலாம். எளிய முன்னேற்பாட்டுக்கு விலையில்லை. சற்றுச் சிக்கலானதென்றால் அதற்கும் மனப்பாரம்.

மற்றுமொன்றின் பெயரைக் கேட்டுச் சிஸ்டர்மார் திடுக்கிடக்கூடும்: 'சாத்தானின் பேரம்'. பகடை ஒன்று கூடுதலாக வேண்டுமா? நடத்துநரோ தோழியோ ஒரு விலை சொல்வார்கள். "இந்தப் பகடையை எடுத்துக்கொள், ஆனால் உன் முகத்தை அந்தக் கிழவர் பார்த்துவிடுவார்" என்பார்கள். ஏற்பதும் விடுவதும் நம் விருப்பம். பகடையில் என்ன விழுந்தாலும் பேசிய விலை பேசியதுதான். சாத்தான் பேரம் பேசினால் இப்படித்தானே பேசுவான்? சிறிய உதவி உடனே, பெரிய விலை பிறகு!

எங்கள் ஆட்டத்தில் தலைவனிடமிருந்து வந்த கட்டளை இது: லாவெண்டர் ஊரில் அனாதைப் பிராணிகளை வைத்துக் காப்பாற்றும் பெரியவரின் வீட்டில் புகுந்து, கியூபோன் குட்டி ஒன்றைக் கொண்டுவர வேண்டும். கியூபோன் என்பது இறந்த தன் தாயின் மண்டையோட்டைத் தலையில் அணிந்திருக்கும் பிராணி. அந்த ஊர்க் கோபுரத்தில் உலவும் தாயின் ஆவி, டீம் ராக்கெட்டால் உயிரிழந்த ஒரு மரோவாக்கினுடையது. இது 1996-இல் வந்த மூல விளையாட்டிலேயே உள்ள கதை.

சன்னலைத் திறக்க என் சித்தி மகள் இரண்டு பகடை உருட்டினாள். உயர்ந்தது 4. சன்னல் திறந்தது; உள்ளே நாய் உறுமியது. கடிகாரத்தில் இரண்டு துண்டு கறுத்தது. மண்டோதரி முன்நினைவு கூறி நாயை அடக்கினாள். நான் உள்ளே போனேன். குட்டி மூலையில் சுருண்டு கிடந்தது. அண்ணன் நடத்துநர் குரலில், "அது மண்டையோட்டை இரு கையாலும் பிடித்துக்கொண்டு உன்னைப் பார்க்கிறது. என்ன செய்கிறாய்?" என்றார். யாரும் பேசவில்லை. வண்டியோட்டியாக இருந்த தங்கை வெளியிலிருந்து, "எடுத்துக்கொண்டு சீக்கிரம் வா அக்கா, நேரமாகிறது" என்றாள். சித்தி மகளோ, "வேண்டாம், விட்டுவிடு" என்றாள். வெறுங்கையோடு போனால் தலைவன் என்ன செய்வான் என்று இருவரும் சண்டையிட்டனர். பாவனைதான், ஆனால் குரல் உண்மையாகவே உயர்ந்துவிட்டது. பாட்டி வந்து, "என்னடி ரகளை?" என்று கேட்கும் அளவுக்கு!

நான் குட்டியை எடுக்கவில்லை. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் புதிதாக ஒரு வட்டம் வரைந்து, நாலாகப் பிரித்து, 'ஜியோவானிக்குச் செய்தி எட்டுகிறது' என்று எழுதினார். இரண்டு துண்டுகளை உடனே கறுப்படித்தார். கூலி கிடையாது.

நல்லது செய்தவருக்கு விதிகளில் பரிசு உண்டா? இதை நான் தேடிப் பார்த்தேன். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் சில கேள்விகளுக்கு விடையளித்து அனுபவப் புள்ளி பெறுவர். அவற்றுள் ஒன்று, தன் நம்பிக்கையையோ நோக்கத்தையோ பிறப்பு வளர்ப்பையோ செயலில் காட்டினாளா என்பது. குட்டியை விட்ட நானும் அதில் புள்ளி பெற்றேன். "கும்பலைக் காட்டிக் கொடுக்கக் கூடாது" என்று வாதாடிய தங்கையும் பெற்றாள்! விதி எவர் பக்கமும் சாயவில்லை. இது எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. பின்னர் சரியென்றே பட்டது. பரிசுக்காக நல்லது செய்தால் அதுவும் ஒரு பேரமாகிவிடும் அல்லவா?

ஒன்றை மட்டும் நான் ஒப்பமாட்டேன். மனப்பாரத்தை இறக்க அவரவர்க்கு ஒரு 'பலவீனம்' தேர்ந்துகொள்ள வேண்டும் என்கிறது ஹார்பரின் நூல். சூதாட்டம், ஆடம்பரம், மயக்கம் ஆகியவற்றோடு இறைப்பற்றும், குடும்பத்தார்க்கு ஆற்றும் கடமையும் அதே பட்டியலில் இருக்கின்றன! இருண்ட நகரத்துத் திருடனுக்கு எதுவும் பலவீனம் ஆகும் என்பது ஆசிரியர் கருத்தாக இருக்கலாம். மாதச் சம்பளத்தை ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்பும் எடுபிடியின் கடமையைச் சூதாட்டத்தின் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தாளில் அந்தச் சொல்லை அடித்து 'ஆறுதல்' என்று எழுதிக்கொண்டோம்.

சிறை பற்றிய விதி கடுமையானது. ஒவ்வொரு திருட்டுக்கும் போலீஸாரின் கண் கும்பலின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக விழும். அதற்கும் 9 கட்டம். நிறைந்தால் தேடப்படுவோர் என்ற நிலை ஒரு படி ஏறும். அது இறங்க வேண்டுமானால் எவரேனும் ஒருவர் சிறை செல்ல வேண்டும். யார் செல்வது? ஜியோவானியைப் போன்ற தலைவர்கள் செல்வதில்லை. எங்கள் மேசையில் இதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் பேச்சு நடந்தது.

திருடர் வேடம் போட்டால் பிள்ளைகள் கெட்டுவிட மாட்டார்களா என்று பெற்றோர் கேட்கலாம். அமெரிக்காவில் 1980-களில் பெற்றோரும் சில கிறிஸ்தவக் குழுக்களும் இத்தகைய விளையாட்டுகளைக் கடுமையாக எதிர்த்தனர். கேள்வி தவறன்று. ஆனால் பாஸ்கு நாடகத்தில் யாரேனும் ஒருவர் யூதாஸாக நடிக்கத்தான் வேண்டும். நடித்தவரை நாம் ஒதுக்கி வைப்பதில்லை. அவருக்கும் எங்களுக்கும் உள்ள வேறுபாடுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. நாடகத்து யூதாஸுக்கு வசனம் எழுதி வைத்திருக்கிறது. முப்பது வெள்ளிக் காசை அவர் வாங்கியே தீர வேண்டும். எங்கள் எடுபிடிக்கு வசனம் இல்லை. ஆகையால் வாங்கினாலும் மறுத்தாலும் அது ஆடுபவளின் சொந்தப் பொறுப்பு.

போக்கிமான் உலகில் மேசையில் ஆடச் சிறு குழந்தைகளுக்கென்று 1999-இலேயே ஒரு விளையாட்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பின்னர் ரசிகர்களே பெரிய விதிநூல்கள் எழுதிப் பகிர்ந்துகொண்டனர். அவற்றில் வழக்கமாக நாம் பிராணி பிடிக்கும் வீரர்களே. ஆனால் எடுபிடிகளுக்கு மூலக் கதையிலேயே தீனி மிகுதி. தலைவன் கூட்டத்தைக் கலைத்துவிட்டுப் போனபின் மூன்றாண்டு கழித்தும் மிஞ்சிய எடுபிடிகள் அவன் வருவான் என்று காத்திருக்கின்றனர். 1999-இல் வந்த அடுத்த பாகத்தில் அவர்கள் ஸ்லோபோக் என்ற சாதுவான பிராணியின் வாலை வெட்டி விற்கின்றனர். பின்னர் வானொலி நிலையத்தைக் கைப்பற்றித் தலைவனைக் கூவி அழைக்கின்றனர். அவன் வரவே இல்லை! அந்த வானொலி நிலையத்தில் அன்றிரவு நின்ற எடுபிடி என்ன நினைத்திருப்பாள்? எங்கள் அடுத்த ஆட்டம் அங்கிருந்துதான்.

ஆட விரும்புவோர்க்கு: மூவர் முதல் ஐவர் வரை இருந்தால் நலம். ஆறு பகடைகள், பென்சில், அழிப்பான், கோடு போடாத தாள், மூன்று மணி நேரம். மின்சாரம் வேண்டாம், கைப்பேசி வேண்டாம். கடிகாரங்களைப் பேனாவால் வரையாதீர்கள். இரண்டாம் ஆட்டத்தில் தாள் போதாது. நடத்துநராக இருக்க எங்கள் வகுப்பில் நான் தயார். ஆட இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் ஒருவர், பூட்டுத் திறக்கத் தெரிந்தவர், தேவை.